மூச்சை எண்ணினால் மனம் நிற்கும்

பாயை விரித்துக் கையை மேலே தூக்குவோம். அதற்குள், "பிள்ளைக்குச் சாப்பாடு கட்டியாச்சோ? லோன்றி முடிஞ்சிருக்குமோ?" என்று மனம் ஓடிவிடும். சென் ஜேம்ஸ் ரவுண் மாடி வீடுகளில் மேல்வீட்டுக் காலடிச் சத்தமும் பார்லிமென்ற் வீதிச் சைரனும் ஓயாது. அமைதி வந்த பிறகு செய்வம் என்று காத்திருந்தால் ஒருநாளும் செய்யேலாது.

இதற்கு எங்கட திருமூலரிடமே ஒரு வழி இருக்கு. திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் அவர் மூச்சுக்குக் கணக்கு வைக்கிறார்: உள்ளே இழுக்க 16 மாத்திரை, அடக்க 64, வெளியே விட 32. அந்த அளவு நன்றாகப் பழகினவர்களுக்குத்தான். குரு இல்லாமல் நாங்கள் முயலக்கூடாது. ஆனால் எண்ணத் தொடங்கினால் மனதுக்கு ஒரு வேலை கிடைக்கும். சென்னையில் பல்லாண்டு யோகம் கற்பித்த கிருஷ்ணமாச்சாரியாரும் அசைவை மூச்சோடு சேர்த்தே சொல்லிக் கொடுத்தார்.

நீங்கள் இப்படிச் செய்து பாருங்கோ. போனை வேறு அறையில் வையுங்கோ. கையைத் தூக்கும்போது மூச்சை உள்ளே எடுத்தபடி 4 வரை எண்ணுங்கோ. இறக்கும்போது வெளியே விட்டபடி 6 வரை. மூச்சை அடக்க வேண்டாம். நடுவில் கணக்குத் தவறினால் உங்களையே ஏசாமல், திரும்ப ஒன்றிலிருந்து தொடங்குங்கோ. பயிற்சி என்பதே அதுதான்.

பத்து நிமிடம் போதும். பிள்ளை பள்ளிக்கூடக் கதை சொல்லும்போது எங்கட மனம் வேறெங்கோ நின்றால், பிள்ளை உடனே கண்டுபிடித்துவிடும். பாயில் பழகினால், அந்த நேரமும் மனதைத் திருப்பிக் கொண்டுவரலாம்.