செங்குத்தாக நிற்கும் குவியல்: லோடர் ஓட்டுநருக்கு வேலையை நிறுத்தும் உரிமை உண்டா?

ஜார்க்கண்ட் மாநிலம் ராஜ்மகால் திறந்தவெளி நிலக்கரிச் சுரங்கத்தில் 2016 டிசம்பர் 29 அன்று இரவு, அகழ்ந்து கொட்டப்பட்டிருந்த மண்மேடு சரிந்து 23 பேர் உயிரிழந்தனர். சுமார் 300 மீட்டர் நீளமும் 110 மீட்டர் அகலமும் கொண்ட பகுதி 35 மீட்டர் வரை கீழிறங்கியதாக கோல் இந்தியா நிறுவனம் அப்போது தெரிவித்தது. கனரக இயந்திரங்களும் மண்ணில் புதையுண்டன.

அத்தகைய பெருஞ்சரிவு அரிது. ஆனால், குவியல் சரிந்து ஆள் புதையும் ஆபத்து சுரங்கங்களோடு முடிவதில்லை. அனல்மின் நிலைய நிலக்கரித் தளம், துறைமுகம், ஜல்லி கிரஷர் என மூலப்பொருள் குவிக்கப்படும் இடங்களிலெல்லாம் அது உள்ளது. அங்கு ஆபத்துக்கு மிக அருகில் இருப்பவர் லோடர் ஓட்டுநரே.

சரிவது ஏன்?

தளர்வான எந்தப் பொருளும் தனக்கே உரிய ஒரு சாய்வில்தான் நிலைத்து நிற்கும். லோடரின் வாளி அடிப்பகுதியை அள்ள அள்ளச் சாய்வு செங்குத்தாகிறது. ஈரமான மணலும் நிலக்கரித் தூளும் சிறிது நேரம் சுவர்போல நிற்கும். ஈரம் உலரும்போதோ, இயந்திர அதிர்வினாலோ திடீரென இடிந்து விழும். வண்டி கவிழும்போது ஓட்டுநரைக் காக்கவே அறையின் கூண்டு வடிவமைக்கப்படுகிறது. கண்ணாடியை உடைத்து உட்புகும் மண்ணை அது தடுக்காது.

விதிகள் கூறுவது

2017ஆம் ஆண்டின் நிலக்கரிச் சுரங்க ஒழுங்குமுறை விதிகளின்படி, கழிவு மண்மேட்டின் சாய்வு எந்நிலையிலும் 37.5 பாகையைத் தாண்டக்கூடாது. 30 மீட்டருக்கு மேல் உயர்ந்தால் படிக்கட்டு வடிவில் அமைக்க வேண்டும்.

லோடர் பணிக்கான பாதுகாப்பு நடைமுறையும் எளியதே. குவியலின் முகப்பு, வாளி எட்டும் உயரத்துக்குள் இருக்க வேண்டும். உயரம் மிகுந்தால், முதலில் மேற்பகுதியைச் சரித்துச் சாய்வைக் குறைக்க வேண்டும். நேர்முகமாக அணுகி, நேராகப் பின்வாங்க வேண்டும். பக்கவாட்டில் நிறுத்தினால் சரிவு ஓட்டுநர் அறையின் கதவு மீதே விழும். அருகில் எவரும் நடமாடக்கூடாது. மழைக்குப் பின் ஆய்வு செய்யாமல் பணியைத் தொடங்கக்கூடாது.

இவற்றை அனுபவமுள்ள ஓட்டுநர்கள் அறிவர். ஆனால், ஏற்றிய டன்களைக் கொண்டே வேலை அளக்கப்படும் இடத்தில், லாரிகள் வரிசையில் காத்திருக்கையில், சாய்வைச் சீர்செய்யும் அரைமணி நேரம் இழப்பாகவே கருதப்படுகிறது. "இப்போது அள்ள இயலாது" என்று கூறும் ஒப்பந்தத் தொழிலாளிக்கு மறுநாளும் வேலை உறுதி என்ற நிலை உருவாகாதவரை, விதிகள் ஏட்டிலேயே நிற்கும்.