நேரிற் கூடும் கணக்கர்

கணக்கெழுதுவோனுக்கு வேண்டிய முதற்குணம், ஒரு பைசா குறைந்தாலும் அதனைக் கண்டுபிடிக்காமல் உறங்காமையாம். இக்குணமுடையார் சிலர், கணினியிற் குடும்ப வரவுசெலவு எழுதுதற்குரிய மென்பொருளை ஊதியம் பெறாமற் செய்து, அதன் மூலநிரலையும் எவரும் பார்த்துத் திருத்துமாறு திறந்து வைத்திருக்கின்றனர். பல தேசங்களில் வசிக்கும் இவர்கள் இணையத்தின் வழியே ஒருவருக்கொருவர் எழுதிக்கொண்டே வேலை செய்பவர்கள். அங்ஙனமிருக்க, இவர்கள் ஓரிடத்திற் கூடுதற்கு நன்கொடைப் பணத்தைச் செலவிடுதல் தகுமோ என்று வாணிபப் பிரிவு மாணவர் ஒருவர் எம்மை வினவினார். தகும் என்பதே எமது அபிப்பிராயம்.

கே.டி.ஈ. என்னும் மென்பொருட் சமூகம் 1996-ஆம் ஆண்டில் ஜெர்மனி தேசத்தில் தோன்றியது. அதன் பெயராற் பதிவுபெற்ற சங்கம் ஒன்று, அன்பர்களும் சில கம்பெனிகளும் அளிக்கும் பொருளினின்று, இத்தகைய சிறு கூட்டங்களுக்கு வருவோரின் பிரயாணத்திற்கும் தங்குதற்கும் உதவி வருகிறது. 2010-ஆம் ஆண்டில் இச்சமூகத்தைச் சார்ந்த கணக்கு மென்பொருளாளர் பிராங்க்பர்ட் நகரிற் கூடினர். கே-மை-மணி, ஸ்க்ரூஜ் என்னும் இரண்டும் இச்சமூகத்தின் கணக்கு மென்பொருள்களுள் முக்கியமானவை. (பின்னதன் பெயர் டிக்கன்ஸ் எழுதிய கதையில் வரும் உலோபியை நினைவூட்டும், ஆயினும் அஃது இலவசமாகவே கிடைப்பது!)

இவ்விரண்டும் ஒரே தொழிலுக்கு வந்தவை; ஆதலின் ஒரே இடையூற்றையும் எதிர்ப்படுபவை. கணினி எண்களை இரண்டின் அடுக்குகளாகவே வைத்துக்கொள்ளும். நமக்கு எளிதாகிய பத்தில் ஒன்று என்பது அதற்கு முடிவில்லாப் பின்னம். சாதாரண முறையில் 0.1-உடன் 0.2-ஐக் கூட்டச் சொன்னால், 0.30000000000000004 என்று விடை தரும். வானநூலாருக்கு இப்பிழை ஒரு பொருட்டன்று; கணக்கனுக்கோ ஐந்தொகை ஒட்டாது நின்றுவிடும். இதற்குப் பரிகாரம், தொகையை இரண்டு முழு எண்களாலாகிய பின்னமாகவே வைத்திருந்து, எழுதிக் காட்டும்போது மட்டும் பைசாவுக்குச் சரிப்படுத்துவது. அல்கிமியா என்னும் பொதுவான நிரற்றொகுதி அக்காலத்தை ஒட்டி உருவாயிற்று. பின்ன முறையில் அமைந்த அதனைக் கே-மை-மணி பயன்படுத்துகின்றது. அல்கிமியா என்பது இரசவாதத்தைக் குறிக்கும் பெயர். செம்பைப் பொன்னாக்குதல் அன்று, செப்புக்காசு காணாமற் போகாதவாறு காத்தலே இதன் வித்தை.

இத்தகைய பொதுத்தொகுதி எளிதில் அமைவதன்று. இரு சாராருள் ஒருவரேனும், பல இரவுகள் விழித்துத் தாம் எழுதியதைத் தாமே நீக்கச் சம்மதித்தல் வேண்டும். "உமது முறையைக் காட்டிலும் எமது முறை நன்று" என்று கடிதத்தில் எழுதினால் அது வசை போலத் தோன்றும். ஒரே மேசையிலிருந்து காகிதத்திற் கணக்கிட்டுக் காட்டினாலோ, உதவியாகத் தோன்றும். எழுத்தில் மூன்று வாரம் நீளும் தர்க்கம் மேசையில் ஒரு பிற்பகலில் முடிதல் கூடும். சம்பளம் பெறும் வேலையாளை எஜமானன் ஆணையிட்டு இணங்கச் செய்யலாம். இவர்களுக்கோ எஜமானன் இல்லை. மனஸ்தாபம் நேர்ந்தால் ஒருவர் மெல்ல விலகிவிடுவார். பின்பு அவர் எழுதிய பகுதியைப் பார்ப்பாரின்றிப் பல்லாயிரம் வீட்டுக் கணக்குகள் அதனை நம்பியிருக்கும். இந்த நஷ்டத்தின்முன் சில ரயில் சீட்டுகளின் விலை எம்மாத்திரம்?

மறுப்புரையும் உண்டு, அது அற்பமானதன்று. கொள்ளை நோயின் நிமித்தம் 2020, 2021 ஆண்டுகளில் இச்சமூகத்தின் வருடாந்தர மாநாடு இணையத்திலேயே நடைபெற்றது. பயணத்திற்குப் பொருளும் அனுமதியும் இல்லாதாரும் தம் வீட்டிலிருந்தே அதிற் கலந்துகொள்ளக் கூடியதாயிற்று. ஐரோப்பிய நகரொன்றிற் கூட்டம் கூட்டினாலோ, விசா கிடையாதவர் கதவுக்கு வெளியே நிற்பவரே. மேசையைச் சுற்றியிருந்தவர் தமக்குள் முடிவு செய்து கலைந்து சென்றால், திறந்த மூலநிரல் என்னும் பெயர் பொய்யாகும். ஆகையால் முடிவையும் அதன் காரணத்தையும் அன்றன்றே எழுதி யாவரும் காண வைத்தலை, பொருளுதவிக்கே ஒரு நிபந்தனையாக்க வேண்டுமென்பேம். கூடாதிருத்தலை நாம் பரிகாரமாகக் கொள்ளோம்.

வினவிய மாணவருக்கு இவ்வளவும் கூறியபின், நூறு ரூபாயை மூவருக்குச் சமமாகப் பங்கிட்டால் எஞ்சும் ஒரு பைசாவை யார் பெயரில் எழுதுவீர் என்று கேட்டேம். அவரும் கணிதப் பிரிவிலுள்ள அவர் நண்பரும் விடுதியில் இன்னும் அதுபற்றியே வாதித்துக்கொண்டிருப்பதாகக் கேள்வி.