சோமாசிக்கு எதற்கு மருத்துவச் சான்றிதழ்?

தீபாவளி நெருங்கினால் நம் பக்கத்துக் கடைகளில் இப்போது ஒரு புதுப் பெட்டி வந்து உட்கார்ந்துகொள்கிறது. 'சர்க்கரை சேர்க்காத உலர்பழச் சோமாசி' என்று மேலே எழுதி, பக்கத்தில் ஒரு பச்சை இலையும் போட்டிருக்கிறார்கள். உள்ளே பேரீச்சம்பழம், உலர்திராட்சை, முந்திரி. விலை சாதாரண சோமாசியைப் போல இரண்டு மடங்கு. வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் நம் வயதுக்காரர்கள். "இது சுகருக்கு ஒண்ணும் செய்யாது சார்" என்று எனக்கே சிபாரிசு செய்கிறார்கள்.

செய்யும் என்கிறேன் நான். காலமெல்லாம் அரசாங்கப் பேரேட்டில் கூட்டிக் கழித்தவன், இதையும் கூட்டிப் பார்த்துவிட்டேன்.

45 கிராம் எடையுள்ள ஒரு சோமாசியை எடுத்துக்கொள்ளுங்கள். மைதா 20 கிராம், சுமார் 70 கலோரி. குடித்த எண்ணெய் 8 கிராம், 72 கலோரி. மீதி 17 கிராம் பூரணம். நம் வீட்டுப் பழைய முறையில் அது சர்க்கரை 7, பொட்டுக்கடலை 5, கொப்பரைத் துருவல் 5 கிராம். ஏறக்குறைய 80 கலோரி. ஆக மொத்தம் 222.

புதுப் பெட்டிக்காரருக்கு பேரீச்சம்பழம் 10, முந்திரி 4, உலர்திராட்சை 3 கிராம் என்று வையுங்கள். பூரணம் 60 கலோரிக்குச் சற்று மேல். மொத்தம் 203. வித்தியாசம் 20 கலோரி கூட இல்லை. மைதாவும் எண்ணெயும் இரண்டிலும் ஒன்றுதானே!

இனி சர்க்கரையைப் பாருங்கள். பேரீச்சம்பழத்திலும் உலர்திராட்சையிலும் எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு சர்க்கரைதான். அந்தக் கணக்கில் புதுச் சோமாசியில் எட்டு கிராமுக்கு மேல் வருகிறது. பழையதில் ஏழு. சர்க்கரை இல்லாத சோமாசியில்தான் சர்க்கரை அதிகம்!

"பழத்தில் நார்ச்சத்து இருக்கிறதே" என்பார்கள். இருக்கிறது. பத்து கிராம் பேரீச்சம்பழத்தில் ஒரு கிராம் கூடத் தேறாது. நார்ச்சத்து வேண்டுமென்றால் ஒரு கொய்யாப்பழம் சாப்பிடுங்கள், ஐந்து கிராமுக்குக் குறையாது, எண்ணெயும் இல்லை. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் பேரீச்சம்பழத்தின் பொட்டாசியத்துக்காக டாக்டரைக் கேட்டுக்கொள்வது நல்லது. பெட்டியில் அதை யாரும் எழுதுவதில்லை. கருப்பட்டிச் சோமாசிக்கும் இதே பதில்தான். நம் ராமநாதபுரம் பனைமரத்தின் மேல் எனக்கும் பாசம் உண்டு. ஆனால் கருப்பட்டியில் பெரும்பகுதி, சீனியில் இருக்கும் அதே சுக்ரோஸ்தான். மணம் வேறு, இரத்தத்தில் ஏறும்போது வேலை ஒன்று.

இப்படி எழுதி விற்பதற்கு விதியும் இடம் கொடுக்கவில்லை. உலக நாடுகள் பின்பற்றும் கோடெக்ஸ் உணவு நெறிமுறை, சர்க்கரைக்குப் பதிலாக உலர்பழ விழுதைப் போட்டுவிட்டு 'சர்க்கரை சேர்க்கவில்லை' என்று சொல்லக்கூடாது என்கிறது. உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018ஆம் ஆண்டு விளம்பர விதிமுறைகளும் அதையே தழுவியவை. விதி கோப்பில் தூங்குகிறது. பெட்டி கடையில் விற்கிறது.

இது சின்ன விஷயமா? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023இல் வெளியானது. நாட்டில் பத்துக் கோடிக்கு மேற்பட்டவர்களுக்கு நீரிழிவு என்றது. சாதாரண சோமாசி என்றால் ஒன்றோடு கையை எடுக்கிற மனிதர், 'நல்லது' என்று நம்பி நாலு சாப்பிடுகிறார். நாலு சோமாசி எண்ணூறு கலோரி. ஒரு நேரச் சாப்பாட்டுக்கு மேல். கேடு பூரணத்தில் பாதி, பெட்டியில் எழுதிய பொய்யில் பாதி.

இன்னொரு கூட்டத்தின் மேலும் எனக்குக் கோபம் உண்டு. சோமாசியை விஷம் என்று சொல்லி, பக்கத்து வீட்டுத் தட்டைத் திருப்பி அனுப்புகிறவர்கள். மண்டபத்தில் தீபாவளித் தட்டு பாய் வீட்டுக்குப் போகும், நோன்புப் பெருநாள் தட்டு நம் வீட்டுக்கு வரும், கிறிஸ்துமஸ் கேக் இரண்டு வீட்டுக்கும் வரும். அதில் கலோரி எண்ணுவது மரியாதை இல்லை. நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். நம் சோமாசி போலவே அரைவட்டமாய் மடித்து, உள்ளே ஆப்பிள் வைத்துச் சுடும் பலகாரத்துக்கு அந்த மொழியில் 'ஷோஸோன்' என்று பெயர். வீட்டில் காலில் போடும் செருப்புக்கும் அதே சொல்தான். ஆங்கிலேயருக்குக் கிறிஸ்துமஸுக்கு 'மின்ஸ் பை' உண்டு. ஒரு காலத்தில் அதற்குள் பழத்தோடு இறைச்சியும் வைத்தார்கள். எந்த ஊரிலும் பண்டிகைப் பலகாரம் சத்துக்காகப் பிறந்ததில்லை. வருஷத்தில் ஓரிரு நாள் வருகிற சந்தோஷம், அவ்வளவுதான்.

ஆகவே நண்பர்களே, இரண்டு மடங்கு விலை கொடுத்துப் பொய்யை வாங்காதீர்கள். கடைக்காரரிடம் உள்ளே என்ன, எத்தனை கிராம் என்று கேளுங்கள். கேட்பது நம் உரிமை. வீட்டில் சுட்ட சோமாசி ஒன்றை, முடிந்தால் பாதியாக உடைத்து, சாப்பாட்டுக்குப் பிறகு ருசித்துத் தின்னுங்கள். அந்த வேளைச் சோற்றில் ஒரு கரண்டியைக் குறையுங்கள். மாத்திரையை மட்டும் மறக்காதீர்கள்.