அயர்லாந்துக் குடியானவர் விடுகதைகள்

விடுகதை சிறார் விளையாட்டே, இலக்கியமன்று என்று நம்மிற் சிலர் கூறுவர். பிசியையும் செய்யுள் வகையுள் வைத்தெண்ணிய தொல்காப்பியனார் அக்கருத்தினர் அல்லர். அயர்லாந்துக் குடியானவர்தம் விடுகதைகளை நோக்குங்கால் நமக்கும் அவ்வாறு கூற மனம் ஒருப்படவில்லை.

1935-இல் நிறுவப்பெற்ற ஐரிஷ் நாடோடி வழக்குக் கமிஷனின் ஏற்பாட்டால், 1937 முதல் 1939 வரை அந்நாட்டின் 26 ஜில்லாக்களில் ஏறத்தாழ 5,000 ஆரம்பப் பாடசாலைகளின் மாணாக்கர், பெற்றோரையும் பாட்டன் பாட்டியரையும் அயலாரையும் வினவி, ஊர்வழக்குகளை ஏடுகளில் எழுதினர். அவ்வேடுகள் இன்று டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரியிற் பேணப்படுகின்றன. விடுகதைகள் அவற்றில் மிகப்பல.

நெருப்புக் கிளறும் இடுக்கி அங்கே கண்ணில்லாத நெட்டைக்காலன் ஆகின்றது. முட்டைக்கோசு, ஊசி படாமலே ஒட்டின்மேல் ஒட்டிட்ட ஆடை. பகலெல்லாம் வீட்டைச் சுற்றி இரவில் மூலையில் ஒதுங்குவது துடைப்பம். மெழுகுவர்த்தியோ நிற்க நிற்கக் குறுகும் பெண். வீட்டை வலம்வந்து சன்னற்படியில் வெள்ளைக் கையுறையை விட்டுச் செல்லும் விருந்தாளி யார்? வெண்பனி! இஃதொன்றே போதும், இவர்களைக் கவிகள் என்றற்கு.

இவற்றில் ஒரு நுட்பம் உண்டு. விடை பெரும்பாலும் கேட்டவன் அமர்ந்திருந்த அறையிலேயே, அல்லது சன்னலுக்கு அப்பாலே, இருந்தது. சதுப்பு நிலத்தில் வெட்டி உலர்த்திய கரிமண் கட்டி கனலும் அடுப்பருகே சிறுவன் விடை தெரியாது விழித்தபோது அவன் கண் மூலை முடுக்கெல்லாம் சென்றது. கையருகே சாய்ந்திருந்த இடுக்கியின்மேல் அது வந்து நின்றபோது எழுந்த நகையே விடுகதையின் பயன். நூலகத்திற் படிக்கும் நாமோ, விடைக்குப் பக்கத்தின் அடியை நோக்குகின்றோம். எளியார் வீட்டுத் தட்டுமுட்டுக்கள் சிலவே. அவற்றை அவர் பார்த்த பார்வை வறியதன்று.

1946-இல் அந்நாட்டுக் கிராமங்களுக்கு மின்சாரம் கொண்டுசெல்லும் திட்டம் தொடங்கிற்று. நாளடைவில் மெழுகுவர்த்தியும் இடுக்கியும் அறையினின்று நீங்கின. அவற்றோடு விடைகளும் நீங்கின. ஆகவே விடுகதைகளை மட்டும் தொகுத்து, கீழே விடையைக் குறித்து அச்சிடுதல் போதாதென்பது நமது துணிபு. அம்மாணாக்கர் அதே ஏடுகளில் வேறு தலைப்புக்களின்கீழ் மெழுகுவர்த்தி செய்தல், ரொட்டி சுடுதல், வெண்ணெய் கடைதல் முதலியவற்றையும் எழுதியுள்ளனர். பதிப்பிப்போர் அவ்விரண்டனையும் ஒருங்கே வைப்பாராயின், இடுக்கியையே கண்டறியாதவனும் ஒரு கணம் தன்னைச் சுற்றி விடையைத் தேடிப் பார்ப்பான்.