காய்கறிப் பணம் கடனின் அசலைக் கரைக்கட்டும்

நெல்லும் கரும்பும் வருஷத்தில் ஒரு தடவை அல்லது இரண்டு தடவைதான் நம் கையில் பணம் காட்டுகின்றன. காய்கறித் தோட்டம் வாரா வாரம் காட்டுகிறது. ஆனால் அறுவடைப் பணம் எங்கே போயிற்று என்று கணக்குச் சொல்லும் விவசாயி கூட, கத்தரிக்காய் விற்ற பணம் எங்கே போயிற்று என்று கேட்டால் விழிக்கிறார். சந்தையிலிருந்து வீடு வந்து சேருவதற்குள் மளிகைக்கும், பஸ்ஸுக்கும், டீக்கடைக்கும், மொய்க்கும் அது கரைந்து விடுகிறது. அதே வீட்டில், நிலத்தின் பேரிலோ வீட்டின் பேரிலோ வாங்கிய அடமானக் கடன் மட்டும் கரையாமல் நிற்கிறது.

இந்தச் சில்லறைப் பணத்தில் ஒரு பங்கைத் தவணைக்கு மேல் அதிகமாகக் கட்டி, கடனின் அசலைக் குறைக்க வேண்டும் என்பது என் கருத்து. சிறு விவசாயிக்கு இதைவிட நிச்சயமான லாபம் தரும் முதலீடு வேறு இல்லை.

தவணைக்குள் இருக்கும் வட்டி

ஒரு கணக்கைப் பார்ப்போம். வீடு கட்ட 5 லட்ச ரூபாய் கடன், வட்டி 9 சதவீதம், 15 வருஷத் தவணை என்று வைத்துக் கொள்வோம். மாதத் தவணை 5,071 ரூபாய் வரும். முதல் மாதம் கட்டும் இந்த 5,071 ரூபாயில் 3,750 ரூபாய் வட்டிக்குப் போகிறது. அசலில் கழிவது 1,321 ரூபாய்தான். 15 வருஷமும் தவறாமல் கட்டி முடித்தால் மொத்தம் 9 லட்சத்து 12 ஆயிரத்துக்கும் மேல் கட்டியிருப்போம். வாங்கியது 5 லட்சம்!

இப்போது மாதம் 1,000 ரூபாய், அதாவது வாரம் 250 ரூபாய், அதிகமாகக் கட்டுகிறோம் என்று கொள்வோம். கடன் 15 வருஷத்தில் தீராமல், 10 வருஷம் 9 மாதத்தில் தீர்ந்து விடும். 51 தவணைகள் குறையும். வட்டியில் மட்டும் சுமார் 1 லட்சத்து 31 ஆயிரம் ரூபாய் மிச்சம்.

எப்போது கட்டுகிறோம் என்பதும் முக்கியம். மேற்சொன்ன கடனில் ஆரம்பத்திலேயே 10,000 ரூபாய் அதிகமாகக் கட்டினால் கடைசியில் 7 தவணைகளுக்கு மேல் குறைகின்றன. அதே 10,000 ரூபாயைப் பத்து வருஷம் கழித்துக் கட்டினால் 3 தவணைகள்தான் குறையும். ஆகவே, 'பிள்ளைகள் தலையெடுத்த பிறகு கடனைப் பார்த்துக் கொள்ளலாம்' என்பது சரியான யோசனை அல்ல. கடன் இளசாக இருக்கும்போதே கிள்ள வேண்டும். முற்றிய பிறகு கிள்ளினால் பலன் குறைவு.

இந்த வட்டிக் கொடுமை புதியதல்ல. பழைய கடன்களிலிருந்து விவசாயிகளை மீட்க வேண்டும் என்பதற்காகவே சென்னையில் 1929இல் மத்திய நில அடமான வங்கி தொடங்கப்பட்டது. 1938இல் சென்னை மாகாணத்தில் வந்த விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம், பழைய கடனில் அசலைப் போல இரண்டு மடங்கு கட்டியிருந்தால் கடன் தீர்ந்ததாகவே கொள்ள வழி செய்தது. இன்று நாம் நம் கையெழுத்தைப் போட்டு, ஏறக்குறைய அந்த இரண்டு மடங்கைத் தவணையாகக் கட்டிக் கொண்டிருக்கிறோம்.

எந்தக் கடனை முதலில் அடைப்பது?

எல்லாக் கடனும் ஒன்றல்ல. வரிசை தவறினால் பலன் கிடைக்காது.

முதலில் அடைக்க வேண்டியது கந்து வட்டி, மீட்டர் வட்டிக் கடன். இதைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003இல் சட்டமே வந்திருக்கிறது. ஆனாலும் அவசரத்துக்கு வாங்குவோர் வாங்கிக் கொண்டுதான் இருக்கிறார்கள். இதை வைத்துக் கொண்டு வங்கிக் கடனுக்கு அதிகப்படி கட்டுவது, ஓட்டைக் குடத்தில் தண்ணீர் சுமப்பது போலாகும்.

இரண்டாவது, கமிஷன் மண்டியில் வாங்கிய முன்பணம். இதற்கு வட்டி இல்லை என்று சொல்வார்கள். ஆனால் முன்பணம் தீரும் வரை காயை அந்தக் கடைக்கே போட வேண்டும். அவர் போடும் விலைதான் விலை. விலையில் குறைவதே அந்தக் கடனின் வட்டி. மண்டிக் கடன் தீர்ந்தவர் உழவர் சந்தைக்கும் போகலாம், வாரச் சந்தைக்கும் போகலாம்.

மூன்றாவது, நிலத்தின் பேரிலோ வீட்டின் பேரிலோ வாங்கிய நீண்ட காலக் கடன். இக்கட்டுரையில் நான் சொல்லும் அதிகப்படிப் பணம் போக வேண்டிய இடம் இதுதான்.

கூட்டுறவு சங்கத்தில் வாங்கிய பயிர்க் கடனுக்கு மட்டும் அவசரப்பட வேண்டாம். உரிய நாளுக்குள் கட்டுவோருக்கு நம் மாநிலத்தில் அதற்கு வட்டியே கிடையாது. கெடு நாளைத் தவற விடாமல் கட்டினால் போதும். கெடு தவறினால் இந்தச் சலுகை போய் விடும் என்பதை மறக்கக் கூடாது.

ஒத்தி, போக்கியம் வைத்த நிலத்தின் கணக்கு வேறு. வட்டிக்குப் பதிலாக நிலத்தின் பலனை மற்றவர் அனுபவிக்கிறார். பகுதி பகுதியாகப் பணம் கொடுத்தால் நிலம் பகுதியாகத் திரும்பி வராது. அதற்கான பணத்தைத் தனியாகத் தபால் நிலையத்திலோ கூட்டுறவு வங்கியிலோ சேர்த்து, ஒரே தடவையில் கொடுத்து மீட்பதே முறை.

கடனுக்கு ஈடாகக் கிரயப் பத்திரமே எழுதிக் கொடுக்கும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. பணம் கட்டியதும் திருப்பி எழுதித் தருவதாக வாய்ச் சொல்லோ, தனிக் காகிதமோ இருக்கும். மீட்டுக் கொள்ளும் நிபந்தனை அந்தப் பத்திரத்திலேயே எழுதப்படாவிட்டால், 1882ஆம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டப்படி அது அடமானம் ஆகாது. எவ்வளவு அவசரமானாலும் இப்படிக் கையெழுத்துப் போடக் கூடாது.

வாரம் தவறாத வருமானம்

அசலைக் கரைப்பதற்குப் பெரிய பணம் தேவையில்லை. நிற்காமல் வரும் பணம் தேவை. இதை மனத்தில் வைத்துத் தோட்டத்தைத் திட்டமிட வேண்டும். கையிலிருக்கும் ஒரு ஏக்கரிலும் தக்காளியை நட்டு, விலை ஏறும் என்று காத்திருப்பவர் சீட்டாடுபவரைப் போன்றவர். விலை சரிந்தால் பறிகூலிக்கும் கட்டாமல் காயைச் செடியிலேயே விட்டு விடுகிறார்; தவணையும் நின்று விடுகிறது.

அதற்குப் பதிலாக 25 சென்ட் நிலத்தை ஐந்து பாத்தியாகப் பிரித்துக் கொள்ளலாம். ஒரு பாத்தியில் கீரை. தண்டும் அரைக்கீரையும் 25, 30 நாளில் பணமாகும்; பத்து நாளுக்கு ஒரு தடவை சிறிது சிறிதாக விதைத்தால் வரிசையாக வந்து கொண்டிருக்கும். அடுத்ததில் வெண்டை, 45 நாளில் காய் எடுக்கத் தொடங்கி, ஒரு நாள் விட்டு ஒரு நாள் பறிக்கலாம். மூன்றாவதில் கத்தரி, வருவதற்குத் தாமதமானாலும் பல மாதம் நின்று காய்க்கும். நான்காவதில் கொத்தவரையும் மிளகாயும். ஐந்தாவதில் பந்தல் போட்டுப் புடலையோ பீர்க்கோ. வரப்போரம் செடி முருங்கை வைத்தால் ஆறு மாதத்தில் காய்ப்புக்கு வரும். ஒன்றுக்கு விலை இல்லாத வாரம் மற்றொன்று கை கொடுக்கும்.

விற்பதற்கு உழவர் சந்தை பக்கத்தில் இருந்தால் அதை விடக் கூடாது. 1999இல் மதுரையில் முதல் உழவர் சந்தை தொடங்கப்பட்டதன் நோக்கமே, இடைத்தரகர் இல்லாமல் நம் காயை நாமே விற்க வேண்டும் என்பதுதான். அடையாள அட்டை வாங்கிக் கொண்டால் கடை வாடகை இல்லாமல் விற்கலாம்.

விற்று வந்த பணத்தில் விதை, எரு, கூலி ஆகியவற்றை முதலில் ஒதுக்க வேண்டும். மிஞ்சுவதை நான்கு பங்காக்கி, இரண்டு பங்கை வீட்டுச் செலவுக்கும், ஒரு பங்கைக் கையிருப்புக்கும், ஒரு பங்கைக் கடனின் அசலுக்கும் வைக்கலாம். கையிருப்பைச் சாப்பிட்டு விட்டு அசலைக் கட்டுவது புத்திசாலித்தனம் அல்ல. மோட்டார் எரிந்து போனாலோ, வீட்டில் யாருக்காவது உடம்புக்கு முடியாமல் போனாலோ, வங்கியில் கட்டிய அசலைத் திருப்பிக் கேட்க முடியாது. அன்றைக்கு மீண்டும் கந்து வட்டிக்காரரிடம்தான் போய் நிற்க நேரும். குறைந்தது மூன்று மாதத் தவணைக்கும் ஒரு போகச் சாகுபடிக்கும் போதுமான ரொக்கம் சேர்ந்த பிறகே அதிகப்படி கட்டத் தொடங்க வேண்டும்.

மற்றொன்றையும் வற்புறுத்திச் சொல்ல வேண்டும். காசாக்கும் ஆசையில் வீட்டு அடுப்புக்குக் காய் இல்லாமல் செய்து விடக் கூடாது. கீரையையும் முருங்கையையும் சந்தைக்கு அனுப்பி விட்டு, பிள்ளைகளுக்கு ஊறுகாயைத் தொட்டுக் கொள்ளக் கொடுத்து அடைக்கும் கடன் வேண்டவே வேண்டாம். முதல் பறிப்பு வீட்டுக்கு, மிச்சம் சந்தைக்கு. இதனால் மளிகைச் செலவும் குறையும்.

பல வீடுகளில் காய் பறிப்பதும், கூடையைச் சுமந்து போய் விற்பதும் பெண்கள்தான். பணத்தை வாங்கி வைத்துக் கொள்வது மட்டும் ஆண்கள். கடன் கணக்கு நோட்டும் அசலுக்கான உண்டியலும் வீட்டுப் பெண்ணின் கையில் இருந்தால் கடன் சீக்கிரம் தீரும் என்பது என் நம்பிக்கை.

எழுதிக் கொடுத்துக் கட்டுங்கள்

அதிகப் பணத்தை வங்கியில் சும்மா கட்டி விட்டு வந்தால், அதை அடுத்த மாதத் தவணைக்கு முன்பணமாக வைத்துக் கொள்ளக் கூடும். 'இத்தொகையை அசலில் வரவு வைக்கவும். மாதத் தவணையை மாற்றாமல் காலத்தைக் குறைக்கவும்' என்று ஒரு கடிதம் எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக் கொள்ள வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை கணக்கு விவரம் கேட்டு வாங்கி, அசல் பாக்கி குறைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பழைய தவணை பாக்கி இருந்தால், கட்டும் பணம் அதற்கும் வட்டிக்கும்தான் முதலில் போகும். ஆகவே பாக்கியை முதலில் தீர்க்க வேண்டும்.

முன்கூட்டிக் கட்டினால் அபராதம் கேட்பார்களோ என்ற அச்சம் பலருக்கு உண்டு. மாறும் வட்டியுள்ள வீட்டுக் கடனுக்கு இப்படி அபராதம் வாங்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2012லேயே வங்கிகளுக்கு உத்தரவிட்டு விட்டது. மற்றக் கடன்களுக்குப் பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டுத் தெரிந்து கொண்டு கட்டலாம்.

இங்கே வங்கிகளுக்கும் கூட்டுறவு நிறுவனங்களுக்கும் ஒரு வார்த்தை. மாதத் தவணை என்பது மாதச் சம்பளக்காரரை நினைத்து ஏற்படுத்திய முறை. வேலையை விட்டு வந்து 500 ரூபாயை அசலில் கட்டும் விவசாயியை, 'மொத்தமாகக் கொண்டு வா' என்று திருப்பி அனுப்பக் கூடாது. சிறு தொகையானாலும் அன்றைக்கே அசலில் வரவு வைத்து, பாக்கியைத் தமிழில் எழுதிக் கொடுக்க வேண்டும். இது சலுகை அல்ல, நியாயம்.

தள்ளுபடிக்குக் காத்திருக்கலாமா?

'கட்டாமல் இருந்தால் தள்ளுபடி வரும். கட்டியவன் ஏமாளி' என்ற பேச்சு கிராமத்தில் உண்டு. 2006, 2016, 2021 ஆகிய வருஷங்களில் மாநில அரசும், 2008இல் மத்திய அரசும் விவசாயக் கடன்களைத் தள்ளுபடி செய்தது உண்மைதான். 2021இல் தள்ளுபடியானது 12,110 கோடி ரூபாய்க் கூட்டுறவுப் பயிர்க் கடன். ஆனால் இவை எதிலும் வீட்டுக் கடன் தள்ளுபடியாகவில்லை. தனியாரிடம் வைத்த அடமானமும் மீளவில்லை. வராத தள்ளுபடியை நம்பியிருக்கையில் வட்டி நம்பிக்கையோடு ஏறிக் கொண்டே இருக்கும்.

அத்துடன், வங்கி கோர்ட்டுக்குப் போகாமலே அடமானச் சொத்தைக் கையகப்படுத்த 2002ஆம் வருஷச் சட்டம் இடம் கொடுக்கிறது. விவசாய நிலத்துக்கு அதில் விலக்கு உண்டு. குடியிருக்கும் வீட்டுக்கு இல்லை. நிலத்தை மீட்பதற்காக வீட்டை அடமானம் வைப்பவர்கள் இதைக் கட்டாயம் யோசிக்க வேண்டும்.

கடன் தீர்ந்த அன்று

கடைசித் தவணை கட்டியதோடு வேலை முடியவில்லை. அசல் பத்திரங்களை 30 நாளுக்குள் திருப்பித் தர வேண்டும்; தன் தவறால் தாமதித்தால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் ஈடு தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2023இல் உத்தரவிட்டிருக்கிறது. அடமானம் பதிவாகியிருந்தால், கடன் தீர்ந்ததற்கான ரசீதையும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்து, புதிய வில்லங்கச் சான்று எடுத்துப் பார்த்து விட வேண்டும். இல்லாவிட்டால் தீர்ந்து போன கடன், காகிதத்தில் உயிரோடு நிற்கும்.

பக்கத்துக் காணி விலைக்கு வருகிறது, இன்னொரு கடன் வாங்கி வாங்கிப் போடலாம் என்ற ஆசை எல்லோருக்கும் வரும். கடன் பட்ட இரண்டு ஏக்கரைவிடக் கடனில்லாத ஒரு ஏக்கர் பெரியது. மழை பொய்த்த வருஷத்திலும் அது நம் கையை விட்டுப் போகாது. வருகிற சந்தை நாளிலேயே 250 ரூபாயைத் தனியே எடுத்து வைத்துத் தொடங்குங்கள்.