ராம் கூட்டினால் வீடியோ பறக்குமா?

கல்யாண வீடியோவை எம்பி4 ஆக மாற்ற மணிக்கணக்கில் ஆகிறதா? “ராம் போட்டா பறக்கும் சார்” என்று கடைக்காரர் சொல்வார். அதை நம்பி ஆவடியில் ரயிலேறி ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போகாதீர்கள். என்கோடிங்கில் மாடாய் உழைப்பது பிராசசர்தான்.

கணக்கைப் பாருங்கள். 1080பி வீடியோவின் ஒரு பிரேம், சுருக்கப்படாத நிலையில், சுமார் 3 எம்பி. எக்ஸ்264 என்கோடர் வழக்கமாக 40 பிரேம்களை முன்கூட்டியே பார்த்து வைத்துக் கொள்ளும். அதற்கு 125 எம்பி போதும். 4கே வீடியோ என்றால் நான்கு மடங்கு, அவ்வளவுதான். 8 ஜிபி உள்ளவர் அதை 16 ஆக்கினால் பெரும்பாலும் காலி இடம்தான் கூடும்.

4 ஜிபி வைத்துக் கொண்டு பிரவுசரில் இருபது டேப் திறப்பவர் கதை வேறு. இடம் போதாமல் விண்டோஸ் ஹார்ட் டிஸ்க்கையே ராம் போலப் பயன்படுத்தும். அப்புறம் ஆமை வேகம்தான்.

என்கோடிங் ஓடும்போதே கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் கீகளைச் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜரில் சிபியு 100 சதவீதம், மெமரி பாதி என்று காட்டினால் பணம் பர்சிலேயே இருக்கட்டும். மெமரி நிரம்பியிருந்தால் மட்டும் வாங்குங்கள். மதர்போர்டில் இரண்டாவது ஸ்லாட் காலியா என்று பார்த்து, இருக்கும் ராமுக்கு ஜோடியாக அதே அளவு, அதே வகையில் கேளுங்கள்.