துண்டு விழுந்தால் யார் பொறுப்பு?

கூட்டுக் குடும்பத்தில் மூத்தவனுக்குச் சம்பாத்தியம் அதிகம், இளையவனுக்குக் குறைவு. அதற்காக இளையவனின் குழந்தைகள் பள்ளிக்கூடம் போகாமல் இருக்கலாமா? பொதுப் பணத்திலிருந்து தகப்பனார் கொடுத்து உதவத்தான் வேண்டும். ஆனால், இளையவன் மாதக் கடைசியில் எவ்வளவு கடன் காட்டினாலும் அதை அப்படியே அடைத்துக்கொண்டு வந்தால், மறு மாதம் கடன் குறையுமா? வாசகர்களே யோசித்துப் பார்க்கட்டும்!

பாரத தேசமும் ஒரு பெரிய கூட்டுக் குடும்பந்தான். மத்திய சர்க்கார் வசூலிக்கும் வரிகளில் ராஜ்யங்களுக்குச் சேரவேண்டிய பாகத்தைச் சிபாரிசு செய்வதற்கென்றே நிதிக் கமிஷன் ஏற்பட்டிருக்கிறது. ஸ்ரீ கே. ஸி. நியோகியின் தலைமையில் 1951-ல் நியமனமான முதல் கமிஷன், ராஜ்யங்களுக்குரிய வருமான வரிப் பங்கில் நூற்றுக்கு 80 பாகத்தை ஜனத்தொகையைப் பார்த்தும், 20 பாகத்தை வசூலைப் பார்த்தும் பிரித்தது. 2021 முதல் 2026 வரைக்கும் பங்கு வகுத்த 15-வது கமிஷனோ, வருமானத்தில் பின்தங்கிய நிலைக்கு நூற்றுக்கு 45 பாகம் ஒதுக்கிற்று. வரி வசூலில் காட்டும் முயற்சிக்கு ஒதுக்கியது இரண்டரை பாகமே!

ஏழை ராஜ்யத்துக்கு அதிகம் கொடுப்பது அநியாயம் என்று நாம் சொல்லமாட்டோம். பீஹாரில் பிறந்த குழந்தைக்கும் பம்பாயில் பிறந்த குழந்தைக்கும் எழுத்தறிவும் வைத்தியமும் ஒன்றுபோல் கிடைக்கவேண்டும். கோளாறு கொடுப்பதில் இல்லை. கொடுக்கும் முறையில் இருக்கிறது.

ஆரம்ப காலத்துக் கமிஷன்கள், ராஜ்யங்களின் கணக்கை வாங்கி ஓரளவு திருத்திப் பார்த்து, துண்டு விழும் தொகையைப் பெரும்பாலும் மானியமாக அளித்து வந்தன. இதனால் விளைந்தது என்ன? சிக்கனமாக இருந்த மந்திரிக்கு மானியம் குறைந்தது. வரி போடத் தயங்கிச் செலவைப் பெருக்கியவருக்கு மானியம் கூடிற்று. இந்தத் தீமையை உணர்ந்துதான், 1987-ல் நியமனமான 9-வது கமிஷனை வேறு வழியில் கணக்கிடும்படி சொன்னார்கள். ஒரு ராஜ்யம் எவ்வளவு வசூலித்தது என்று பாராமல், நியாயமான முயற்சி செய்தால் எவ்வளவு வசூலிக்க முடியும் என்று பார்ப்பது. எவ்வளவு செலவழித்தது என்று பாராமல், எவ்வளவு செலவு அவசியம் என்று பார்ப்பது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே மானியம். இந்த முறையில், கூடுதலாக வசூலித்தவருக்கு அந்தப் பணம் மிஞ்சும். வீண் செலவு செய்தவர் அதைத் தாமே சுமக்கவேண்டும்.

தகப்பனார் அளக்கவேண்டியது இளையவனின் கடனை அல்ல; அவன் குழந்தைகளின் பசியை. பசியை அளந்து கொடுத்தால் குடும்பம் பிழைக்கும். கடனை அளந்து கொடுத்தாலோ, மூத்தவனும் ஒரு நாள் கடன் வாங்கக் கற்றுக்கொள்வான்.